ராக்கெட் தொட்டியும் ரயில் பெட்டியும்: ஒரு வெல்டிங் முறையின் நிகழ்வு ஆய்வு

விண்வெளித் தொழில்நுட்பத்தால் பூமிக்கு என்ன லாபம் என்று கேட்டால் செயற்கைக்கோள், ஜிபிஎஸ், வானிலைப் படம் என்று மூன்றைச் சொல்லிவிட்டுப் பெரும்பாலும் பேச்சை முடித்துவிடுகிறோம். அவையெல்லாம் பெரிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ரயில், கப்பல், கார் மூன்றின் உடம்பிலும் போய் உட்கார்ந்திருக்கிற ஒன்றைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. அது ஒரு வெல்டிங் முறை. ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்பார்கள், உரசிக் கிளறி ஒட்டுவது என்று பொருள். நான் இங்கே சுருக்கமாக ஸ்டிர் வெல்டிங் என்றே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது விண்வெளிக்காகக் கண்டுபிடித்தது இல்லை. "நாசா கண்டுபிடித்தது, பிறகு நமக்கு வந்தது" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது தவறு. உண்மையில் நடந்தது அதைவிடச் சுவாரசியமானது, விண்வெளித் துறையின் பங்கு எது என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

அலுமினியம் கொடுக்கும் தலைவலி

பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், இரும்பை ஒட்டவைப்பது ஒரு வேலை, அலுமினியத்தை ஒட்டவைப்பது வேறு வேலை. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆனால் அதன் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைக்காமல் உள்ளே போக முடியாது. சூடு கொடுத்தால் ஓர் இடத்தில் நிற்காமல் தகடு முழுக்கப் பரவி ஓடிவிடும். உருகிய அலுமினியம் சுற்றியுள்ள ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், ஆறும்போது அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சின்னச் சின்ன ஓட்டைகளாக நின்றுவிடும். இத்தனையும் தாண்டி ஒருவழியாக வெல்டிங் முடித்தால், தகடு கோணிப்போய் நிற்கும்.

இதெல்லாம் சாதாரண அலுமினியத்துக்கு. செம்பு கலந்த 2000 வரிசை, துத்தநாகம் கலந்த 7000 வரிசை என்று விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் தேவைப்படும் பலமான கலவைகளில் பாதிக்கு மேல், உருக்கி ஒட்டினால் ஆறும்போதே விரிசல் விடும். விமானங்களை இன்றுவரை பெரும்பாலும் ரிவெட் அடித்தே கட்டுவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

உருக்கினால்தானே இவ்வளவு தொல்லை, உருக்காமலே ஒட்டினால் என்ன? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் உள்ள டிடபிள்யூஐ என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் அவருடைய சகாக்களும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டார்கள். 1991 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

முறை இதுதான். இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டிவைத்து, அசையாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடினமான எஃகில் செய்த ஒரு டூல், நுனியில் தகட்டின் தடிமனுக்குச் சற்றே குறைவான நீளத்தில் ஒரு பின், அந்தப் பின்னுக்கு மேலே அகலமான ஷோல்டர். டூலைச் சுழற்றிக்கொண்டே இணைப்புக்கோட்டில் அழுத்தினால் பின் உள்ளே இறங்கும், ஷோல்டர் மேற்பரப்பில் உரசும். உரசலில் 400, 500 டிகிரி வரை சூடு ஏறும். உலோகம் உருகாது, இளகும், அவ்வளவுதான். இளகிய உலோகத்தைப் பின் கிளறிக்கொண்டே கோட்டின் வழியாக நகரும், இரண்டு மாவு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்தால் எது எந்த உருண்டை என்று தெரியாமல் போவதுபோல இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். ராடு கிடையாது, அலுமினியத்துக்கு ஆர்கான் வாயுவும் வேண்டாம், புகை இல்லை, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் இல்லை. மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6000 வரிசைக் கலவையில் ஒரே டூலால் ஒரு கிலோமீட்டர் வரை வெல்டிங் போடலாம் என்று டிடபிள்யூஐயே சொல்கிறது.

குறையும் உண்டு. அழுத்தம் டன் கணக்கில் வேண்டும், அதைத் தாங்க வலுவான இயந்திரம் வேண்டும், அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை வேண்டும். முடிவில் பின்னை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு குழி நின்றுவிடும். இந்தக் குழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருவோம்.

முதலில் போனது மீன்பிடிக் கப்பலுக்கு

வியாபார ரீதியில் இதை முதலில் பயன்படுத்தியவர்கள் ஸ்காண்டிநேவியாக்காரர்கள். 1996இல் சுவீடனின் சாப்பா நிறுவனம் மீன்பிடிக் கப்பல்களில் மீனை உறையவைக்கும் அலுமினியப் பலகைகளை இப்படிச் செய்தது. நார்வேயின் மரீன் அலுமினியம் கப்பல் தளத்துக்கான பலகைகளையும் ஹெலிகாப்டர் இறங்கும் மேடைகளையும் செய்தது. ஆக, ராக்கெட்டுக்கு முன்னாலேயே இது கடலுக்குப் போய்விட்டது.

காரணம் எளிது. அலுமினியப் பலகையை அச்சு வழியாகத் தள்ளி நீளமாக எடுக்கலாம், ஆனால் அகலத்துக்கு ஓர் எல்லை உண்டு, தள்ளும் இயந்திரத்தின் அளவுக்கு மேல் போக முடியாது. அகலமான தளம் வேண்டுமென்றால் பல பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். மின்பொறியால் உருக்கி ஒட்டும் ஆர்க் வெல்டிங்கில் ஒவ்வொரு ஒட்டும் தகட்டைக் கொஞ்சம் வளைக்கும், கப்பல் கட்டும் இடத்தில் அதை நிமிர்த்தவே தனி ஆட்கள் தேவைப்படுவார்கள். ஸ்டிர் வெல்டிங்கில் அந்த வேலை பெருமளவு குறைந்துவிட்டது. தட்டையாக, ஒரே அளவில், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்து இறங்கும் பலகைகள் கப்பல் கட்டுபவருக்குப் பெரிய வரம்.

அப்படியென்றால் விண்வெளி எங்கே வருகிறது? மீன் பலகை 6000 வரிசையைப் போன்ற எளிதான கலவையில் செய்வது. அதில் ஒட்டு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் யாரும் சாக மாட்டார்கள். அந்த ஒட்டை நம்பி உயிரை வைக்கலாமா என்ற கேள்விக்கு அங்கே யாரும் பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆரஞ்சு நிறத் தொட்டி

நாசாவின் விண்வெளி ஓடமான ஷட்டிலின் படங்களில் விமானத்தின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டி நினைவிருக்கும். சுமார் 47 மீட்டர் உயரம், 8.4 மீட்டர் விட்டம். உள்ளே மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனுமாகச் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். நியூ ஆர்லியன்ஸில் உள்ள மிஷூ ஆலையில் செய்தார்கள்.

1990களில் நாசாவுக்கு ஒரு நெருக்கடி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்வில் அமைந்தது. அந்தப் பாதைக்குப் போனால் ஷட்டில் தூக்கக்கூடிய சுமை குறைந்துவிடும். எங்காவது எடையைக் குறைத்தாக வேண்டும், தொட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை பயன்படுத்திய 2219 கலவைக்குப் பதிலாக 2195 என்ற அலுமினிய லித்தியம் கலவை. 1998 ஜூனில் எஸ்டிஎஸ் 91 பயணத்தில் அந்தப் புதுத் தொட்டி பறந்தது, பழையதைவிட ஏறக்குறைய 3,400 கிலோ குறைவு. தொட்டியில் குறைத்த ஒவ்வொரு கிலோவும் சரக்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதல், காரணம் அந்தத் தொட்டி சுற்றுப்பாதையின் வாசல் வரை கூடவே போகிறது.

ஆனால் 2195ஐ உருக்கி ஒட்டுவது பெரும்பாடு. முதலில் போட்ட ஒட்டு ஓரளவு வந்துவிடும், அதில் ஒரு குறை தென்பட்டு அதைச் சரிசெய்யத் திரும்பச் சூடு கொடுத்தால் பக்கத்தில் புது விரிசல் கிளம்பும், அதைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று. இந்தச் சிக்கல்தான் நாசாவின் மார்ஷல் மையத்தை ஸ்டிர் வெல்டிங் பக்கம் தள்ளியது. தொட்டியின் உருளைப் பகுதிகளில் நெடுக்காக ஓடும் ஒட்டுகளைப் படிப்படியாக இந்த முறைக்கு மாற்றினார்கள். போயிங் நிறுவனமும் டெல்டா ராக்கெட்டுகளில் இதைக் கொண்டுவந்தது, 1999இல் ஸ்டிர் வெல்டிங் செய்த பாகத்தோடு ஒரு டெல்டா 2 பறந்துவிட்டது.

ஏன் நெடுக்கு ஒட்டுகளில் மட்டும் என்று கேட்கலாம். அங்கேதான் நான் மனதில் வைக்கச் சொன்ன குழி வருகிறது. நேர்கோட்டில் போகும் ஒட்டு என்றால் பின்னைத் தகட்டின் விளிம்பைத் தாண்டி உபரித் துண்டில் கொண்டுபோய் எடுத்துவிடலாம், குழி அந்தத் துண்டோடு வெட்டிப்போய்விடும். வட்டமாகச் சுற்றிவரும் ஒட்டுக்கு விளிம்பே கிடையாது, சுற்றி முடித்த இடத்தில் பின்னை எடுத்தே ஆக வேண்டும், எரிபொருள் தொட்டியின் சுவரில் குழி நின்றால் எப்படி? மார்ஷல் மையத்தின் ஜெஃப் டிங்கும் ராக்வெல் நிறுவனத்தின் பீட்டர் ஓல்கெட்ஸும் ஒரு வழி சொன்னார்கள். டூல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பின் மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொள்ளும், ஷோல்டர் மேற்பரப்பில் உரசிக்கொண்டே இருக்கும், ஆழம் குறையக் குறையக் குழியும் நிரம்பிக்கொண்டே வரும். 1999இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. தடிமன் மாறிக்கொண்டே போகும் தகட்டிலும் பின்னின் நீளத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம் என்பது இதில் கூடுதல் பலன். இன்னொரு வழியும் இருக்கிறது, குழிக்குள் ஓர் உலோகக் குச்சியைச் சுழற்றி அழுத்தி அதே உராய்வுச் சூட்டில் அடைத்துவிடுவது. நிலாப் பயணத்துக்கான எஸ்எல்எஸ் ராக்கெட்டின் தொட்டிகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

எஸ்எல்எஸ் என்றதும் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த முறையின் குணம் அதில் பளிச்சென்று தெரியும். மிஷூ ஆலையில் அந்த ராக்கெட்டுக்காகவே 52 மீட்டர் உயரத்தில் ஒரு வெல்டிங் கோபுரம் நிறுத்தினார்கள். முதலில் கோபுரமே சரியான நேரில் நிற்கவில்லை, திரும்பச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் தடிமனான பகுதிகளில் பின் உடைகிறது என்று பின்னின் வடிவத்தை மாற்றினார்கள். உடைவது நின்றது. ஆனால் சோதித்துப் பார்த்தால் ஒட்டின் பலம் தேவையான அளவுக்கு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. 2017 வாக்கில் இது வெளியே வந்தது, பறக்க வேண்டிய தொட்டியை ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய பின்னுக்கே திரும்பினார்கள். விரலளவு உலோகத் துண்டின் வடிவம் மாறியதற்கு ஒரு ராக்கெட்டின் கால அட்டவணையே தள்ளிப்போயிற்று.

எனக்கு இதுதான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி. தேவையான பலம் இல்லையென்றால் பறக்கவிட மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் ஒரு முறையின் ஒவ்வொரு பலவீனமும் வெளியே வரும். இந்த முறையில் பலவீனங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை. இரண்டு தகடும் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. சில சமயம் ஒட்டின் அடியில் புழு துளைத்ததுபோல நீளமாக ஒரு சுரங்கம் ஓடும். எக்ஸ்ரேயில் முதல் வகை தப்பித்துவிடும். மீயொலிச் சோதனையை இதற்கென்று மெருகேற்றியது, எந்தச் சுழற்சி வேகத்துக்கு எந்த நகர்வு வேகம், எந்தச் சாய்வு, எவ்வளவு அழுத்தம் என்று ஒவ்வொரு கலவைக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளை இழுத்துப் பிய்த்து அட்டவணை போட்டது ஆகியவற்றில் பெரும்பங்கு விண்வெளி, விமானத் துறைகளுடையது. 2010இல் அமெரிக்க வெல்டிங் சங்கம் விண்வெளி, விமானப் பயன்பாட்டுக்குத் தனி விதித்தொகுப்பு வெளியிட்டது. 2011இல் எல்லாத் துறைகளுக்குமான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 25239 வந்தது. தரவிதி இல்லாமல் ஒரு பொதுப்பணிப் பொறியாளர் எந்தப் புது முறைக்கும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

ரயில்: லாட்புரோக் குரோவ்

1999 அக்டோபர் 5ஆம் தேதி காலை, லண்டன் பாடிங்டன் நிலையத்துக்கு வெளியே லாட்புரோக் குரோவில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. 31 பேர் இறந்தார்கள், 400க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சிவப்பு சிக்னலைத் தாண்டி ஒரு ரயில் வந்ததுதான் விபத்துக்குக் காரணம், வெல்டிங் இல்லை. ஆனால் அலுமினியப் பெட்டிகளைக் கொண்ட அந்த ரயிலின் முதல் பெட்டி சிதைந்த விதம் பொறியாளர்களை உலுக்கியது. பலகைகள் நசுங்கி வளைந்து அதிர்ச்சியைத் தாங்குவதற்குப் பதிலாக, பலகைகளுக்கு நடுவில் இருந்த ஒட்டுகள் ஜிப் திறப்பதுபோல நெடுக்கப் பிரிந்துகொண்டு போயிருந்தன. உருக்கிப் போட்ட ஒட்டின் ஓரத்தில் சூட்டால் உலோகம் பலவீனமாகிவிடும், மோதலின் விசை முழுவதும் அந்த மெல்லிய கோட்டில் போய் இறங்கும். கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணையிலும் இது பேசப்பட்டது. அதன்பின் ஐரோப்பாவில் அலுமினிய ரயில் பெட்டிகளின் ஒட்டுகள் மோதலில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கென்றே ஆய்வுகள் நடந்தன.

ஸ்டிர் வெல்டிங்கிலும் சூட்டால் பலம் குறைகிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் உருக்கும் முறையைவிடச் சூடு குறைவு, ஓட்டைகள் இல்லை, உலோகத்தின் மணிகள் பொடியாகி நெருக்கமாக அமைகின்றன. ஜப்பானின் ஹிட்டாச்சி தன் ஏ-டிரெயின் வரிசைப் பெட்டிகளை இப்படித்தான் செய்கிறது. உள்ளே கூடுபோல் குறுக்குத் தாங்கிகள் கொண்ட இரட்டைத்தோல் பலகைகளைப் பெட்டியின் முழு நீளத்துக்கும் எடுத்து, பக்கவாட்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்கு மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கிளாஸ் 395 ரயில்கள் இந்தக் குடும்பம். ஷின்கான்சென் என்ற ஜப்பானியப் புல்லட் ரயிலின் தரைப் பலகைகள், லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா தடத்துப் பெட்டிகள் இவற்றிலும் ஸ்டிர் வெல்டிங் இருக்கிறது.

ஹிட்டாச்சி இதை நாசாவிடமிருந்து வாங்கவில்லை, உரிமம் டிடபிள்யூஐயிடமிருந்து. டிடபிள்யூஐ என்பது உறுப்பினர் நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் அமைப்பு, ராக்கெட் செய்பவரும் ரயில் செய்பவரும் கப்பல் செய்பவரும் ஒரே உரிமத்தின் கீழ், ஒரே கருத்தரங்குகளில் உட்கார்ந்தவர்கள். அறிவு அங்கே குறுக்கும் நெடுக்குமாகப் போயிற்று.

கப்பல் பக்கம் ஒரு வருத்தமான கதையும் உண்டு. ஜப்பானின் மிட்சுயி நிறுவனம் ஸ்டிர் வெல்டிங் பலகைகளைக் கொண்டு 140 மீட்டர் நீளத்தில் சூப்பர் லைனர் ஓகசவாரா என்ற அதிவேகக் கப்பலைக் கட்டியது. டோக்கியோவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓகசவாரா தீவுகளுக்கு, ஒரு முழு நாளுக்கு மேல் எடுத்த பயணத்தைப் பதினாறு பதினேழு மணி நேரமாகக் குறைப்பது திட்டம். 2005இல் எண்ணெய் விலை ஏறியதும் கணக்குக் கட்டுப்படியாகாமல் சேவை தொடங்கும் முன்பே கைவிட்டார்கள். 2011 சுனாமிக்குப் பிறகு இஷினோமாகியில் வீடிழந்தவர்களுக்குத் தங்குமிடமாக அந்தக் கப்பல் உதவியது. எடை குறைந்தால் மட்டும் போதாது, அந்த வேகத்துக்கு எரியும் எண்ணெய்க்கு யார் காசு கொடுப்பது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கார் ஆலைக்கு வந்தபோது

2012இல் ஹோண்டா செய்ததை நான் ஒரு திருப்புமுனையாகப் பார்க்கிறேன். 2013 மாடல் அக்கார்டு காரில் எஞ்சினைத் தாங்கும் முன்பக்கச் சட்டத்தில் இரும்பையும் அலுமினியத்தையும் நேரடியாக ஸ்டிர் வெல்டிங் முறையில் ஒட்டினார்கள். இரண்டையும் உருக்கி ஒட்டினால் நடுவில் கண்ணாடிபோல் உடையக்கூடிய ஒரு கலவைப் படலம் உண்டாகும், ஒட்டு நிற்காது. உருக்காமல் கிளறினால் அந்தப் படலம் மிக மெல்லியதாக நின்றுவிடுகிறது. முழுக்க இரும்பில் செய்த சட்டத்தைவிட எடை 25 சதவீதம் குறைவு, வெல்டிங்குக்குச் செலவாகும் மின்சாரம் பாதி என்று ஹோண்டா அறிவித்தது. அதையும் பிரம்மாண்ட இயந்திரம் வைத்துச் செய்யவில்லை, ஆலையில் மற்ற வேலைகளுக்கும் பயன்படும் ரோபோவையே வைத்துச் செய்தார்கள். அதற்கு முன்பே மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் பின்கதவில் இதன் புள்ளி வெல்டிங் வடிவம் வந்துவிட்டது. 2012 ஐமேக் கணினியின் மெல்லிய விளிம்புகூட இந்த ஒட்டுதான்.

அடிப்படைக் காப்புரிமை 20 ஆண்டுகள் முடிந்து காலாவதியானதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். இன்று மின்சாரக் கார்களின் பேட்டரித் தட்டுகள், குளிர்விக்கும் தகடுகள் எனப் பெருவாரியான உற்பத்திக்கு இந்த முறை போய்விட்டது. குளிர்நீர் ஓடும் தகட்டில் ஒரு ஊசித்துளை இருந்தாலும் பேட்டரி போச்சு, அதனால் அங்கே கசியாத ஒட்டு கட்டாயம்.

நம்மூர்ப் பட்டறைக்கு

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. கப்பலின் தடிமனான எஃகு உடலுக்கு இன்னும் ஆர்க் வெல்டிங்தான், எஃகை இளக்கும் சூட்டில் டூல் சீக்கிரம் தேய்ந்துவிடும், வைரத்துக்கு நெருக்கமான கடினம் கொண்ட போரான் நைட்ரைடு டூல் வேண்டும், விலை அதிகம். வளைந்து நெளிந்த இணைப்பு, ஒன்றிரண்டு உருப்படி மட்டும் செய்யும் வேலை, பிடித்து இறுக்க இடமில்லாத மூலை இவற்றுக்கெல்லாம் ஆர்கான் வாயுவில் மின்பொறியால் உருக்கும் டிக் வெல்டிங்கே சரி. நீளமான, நேரான, ஒரேமாதிரி திரும்பத் திரும்ப வரும் அலுமினிய ஒட்டு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையம் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது, அலுமினியக் கலவைகளுக்கான வேகம், அழுத்தம் பற்றிய தரவுகளை அங்கிருந்தே எடுக்கலாம். நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் பழைய செங்குத்து மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்துத்தான் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். சொந்தமாக முயல்பவர்கள் 6061 அல்லது 6063 கலவையில், 5 அல்லது 6 மில்லிமீட்டர் தகட்டில் தொடங்குவது நல்லது. டூலுக்கு எச்13 என்ற கருவி எஃகு போதும். தகட்டுக்கு அடியில் தடிமனான இரும்புக் கட்டை, இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கிளாம்பு. ஸ்பிண்டில் பேரிங் பக்கவாட்டு விசையைத் தாங்குமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், பழைய இயந்திரங்களில் முதலில் போவது அதுதான். முதல் ஒட்டு மேலே எவ்வளவு அழகாக வந்தாலும் நம்பிவிடாமல், குறுக்கே வெட்டி, தேய்த்து, அமிலம் தடவி அடிப்பக்கம் வரை கிளறல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு துண்டை அடிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளைத்துப் பாருங்கள், அடியில் ஒட்டாமல் விட்ட கோடு இருந்தால் அங்கே பிளந்துகொள்ளும், பின்னின் நீளத்தைக் கால் மில்லிமீட்டர் கூட்டி அடுத்த துண்டைப் போட வேண்டியதுதான்.